சீன எழுத்து மேசையின் மூங்கில் செதுக்கல்கள்: புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய சீனக் கலைப்பொருட்கள் மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் பீங்கானில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் பச்சைக்கல்லில். மூங்கில் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. அது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். பொன் இல்லை, மணி இல்லை. காட்டில் தானாக வளரும் ஒரு புல். அதை எடுத்து, விரல் பருமன் கூட இல்லாத சுவரில் மலை, அருவி, பைன் மரம், அதன் அடியில் உட்கார்ந்து பேசும் முதியவர்கள் என்று ஒரு உலகத்தையே செதுக்கி வைத்தார்கள். அதைச் செய்தவர்களில் பலர் கவிதை எழுதவும் ஓவியம் தீட்டவும் தெரிந்தவர்கள்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் எதை, எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே சொல்கிறேன். கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப் போவது ஒரே விஷயத்தைத்தான்: முதலில் மூங்கிலைப் பாருங்கள், அப்புறம் கத்தி வேலையை, கடைசியாகக் கையெழுத்தை. விற்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பேசுவார்கள். பெயரில் ஆரம்பித்து, பெயரைச் சொல்லி விலையையும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அவசரப்படாமல் உங்கள் வரிசையிலேயே போங்கள்.

மேசை மேல் இருந்தவை

சீனாவில் படித்தவர்கள் தூரிகையால் எழுதினார்கள். மேலிருந்து கீழாக ஒரு வரி, முடிந்ததும் அதற்கு இடப்பக்கம் அடுத்த வரி. அந்த எழுத்து வேலைக்கு என்னென்ன தேவைப்பட்டதோ அவை எல்லாமே மூங்கிலில் கிடைக்கும். ஆனால் சந்தையில் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது மூன்று வகை.

முதலாவது தூரிகைக் குவளை. சீனத்தில் பிதோங். மூங்கில் தண்டை அப்படியே குறுக்காக அறுத்துச் செய்தது. சுமார் 15 செ.மீ. உயரம், ஒரு கைப்பிடி விட்டம். அடியில் சில சமயம் மூங்கிலின் கணுவே தரையாக இருக்கும், சில சமயம் தனியாக மரத்தகடு பொருத்தியிருப்பார்கள். பலவற்றில் வெளிப்பக்கம் முழுக்கச் சுற்றிவரும் ஒரே காட்சி செதுக்கப்பட்டிருக்கும். குவளையைக் கையில் திருப்பத் திருப்பக் கதை நகரும்.

இரண்டாவது மணிக்கட்டுத் தாங்கி. தண்டை நீளவாக்கில் பிளந்து எடுத்த வளைந்த பட்டை. வலக்கையால் எழுதுகிறவர் இடப்பக்கமாக நகரும்போது, சற்று முன் எழுதிய ஈர எழுத்தின் மேலேயே கை போகும். தாங்கியைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் மணிக்கட்டை ஊன்றினால் மை இழுபடாது, கோடையில் வியர்வையும் தாளில் ஒட்டாது. பார்க்க எளிமையான பொருள். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். காரணம் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது நறுமணக் குழல். ஒல்லியாக, இரண்டு பக்கமும் திறந்த குழல், மேலும் கீழும் மர மூடிகள். உள்ளே வைத்த நறுமணப் பொருளின் வாசம் வெளியே வர வேண்டும் என்பதற்காகச் சுவரைத் துளைத்து, ஊடுருவிச் செதுக்கியிருப்பார்கள். பழைய குழல்கள் பலவற்றில் மூடிகள் தொலைந்துபோயிருக்கும். மூடி இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

இவை போக, காகிதம் பறக்காமல் வைக்கும் பளுக்கள், தூரிகைத் தாங்கிகள், விசிறிக் காம்புகள், வேர்ப்பகுதியில் செதுக்கிய தேரை, சிங்கம், துறவி உருவங்கள் எல்லாம் உண்டு. வேர் உருவங்களில் ஒரு அழகு இருக்கிறது. மூங்கிலின் அடித்தண்டில் சிறு வேர்கள் முளைத்த இடங்கள் வட்டப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைச் சீவி எறியாமல், தேரையின் முதுகுப் பருக்களாகவோ சிங்கத்தின் சுருள் மயிராகவோ கலைஞர் பயன்படுத்திக்கொள்வார்.

ஒரு துண்டு மூங்கிலை அறுத்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கூடை முடைகிறவரிடமோ ஏணி விற்கும் கடையிலோ ஒரு துண்டு மூங்கில் வாங்குங்கள். கல்மூங்கில் வேண்டாம், அது உள்ளே திரண்டு கெட்டியாக இருக்கும். உட்கூடான மூங்கிலாகக் கேளுங்கள். மெல்லிய பல் உள்ள ரம்பத்தால் குறுக்கே ஒரு வெட்டு, நீளவாக்கில் ஒரு பிளவு. உப்புத்தாளால் தேய்த்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்.

குறுக்கு வெட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவது நார்க்கற்றைகள். வெளித்தோலுக்குப் பக்கத்தில் அவை நெருக்கமாகவும் சிறியதாகவும் இருக்கும். உள்ளே போகப் போகப் பெரிதாகி, இடைவெளி விட்டுத் தெரியும். நீளவாக்கில் பிளந்த முகத்தில் அதே நார்கள் நேர்கோடுகளாக ஓடும். மரத்தில் இருக்கும் ஆண்டு வளையங்கள் இங்கே கிடையாது. மூங்கில் முளைக்கும்போது என்ன பருமனோ கடைசிவரை அதே பருமன்தான், ஆண்டுக்கு ஆண்டு தடிப்பதில்லை. இந்தப் புள்ளியும் கோடும் கண்ணில் பதிந்துவிட்டால், போலிகளில் பாதியை நீங்கள் கடையில் நின்றபடியே ஒதுக்கிவிடலாம்.

தண்டின் சுவரை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மேலே வழவழப்பான தோல், ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. நடுவில் நாரோடிய சதை. உள்பக்கம் வெளிர் மஞ்சளாக, நார் குறைந்த ஒரு அடுக்கு. சீனக் கலைஞர்கள் இந்த மூன்றுக்கும் மூன்று விதமான கலையை உருவாக்கினார்கள்.

அவர்கள் பயன்படுத்தியது யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிறைய வளரும் மாவ் மூங்கில். சில ஆண்டுகள் முற்றிய தண்டைக் குளிர்காலத்தில் வெட்டுவார்கள். அப்போது சாறு குறைவு. வெட்டியதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து மாவுச்சத்தையும் பசையையும் நீக்கி, நிழலில் நீண்ட காலம் உலர்த்துவார்கள். உளுக்காமலும் வெடிக்காமலும் இருக்க இவ்வளவு பாடு. இதைச் சரியாகச் செய்யாத மூங்கிலில் எவ்வளவு நல்ல கை செதுக்கினாலும் பொருள் நிலைக்காது.

கத்தி வேலையைப் படிப்பது

மூங்கிலில் செதுக்குவது பழைய பழக்கம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாவாங்துய் கல்லறையில் நாகம் செதுக்கிய மூங்கில் அகப்பை கிடைத்திருக்கிறது. ஜப்பானின் நாரா நகரில் உள்ள ஷோசோயின் களஞ்சியத்தில், தோலில் உருவங்கள் செதுக்கிய தாங் காலத்து (7–10ஆம் நூற்றாண்டு) மூங்கில் ஊதுகுழல் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. ஆனால் நாம் பேசுகிற எழுத்து மேசைக் கலை, மிங் வம்சத்தின் பிற்பகுதியில், 16ஆம் நூற்றாண்டில்தான் உருவெடுத்தது. இரண்டு ஊர்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இன்று ஷாங்காய் நகரின் ஒரு பகுதியாக இருக்கும் ஜியாடிங், அப்புறம் நான்ஜிங்.

ஜியாடிங் மரபைத் தொடங்கியவர் ஜு ஹே. அவர் மகன் ஜு யிங், பேரன் ஜு ஸான்சோங். மூன்று தலைமுறை. இவர்களின் வழி ஆழமான செதுக்கல். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடத் தேறாத சுவருக்குள் முன்னால் ஒரு பாறை, அதன் பின் ஒரு மரம், மரத்தின் பின் ஒரு ஆள், அவருக்கும் பின்னால் குகை வாசல் என்று அடுக்கடுக்காக உள்ளே போவார்கள். ஜு யிங்கின் கையெழுத்துள்ள நறுமணக் குழல் ஒன்று 1966இல் ஷாங்காயின் பாவ்ஷான் பகுதியில் ஒரு மிங் காலக் கல்லறையிலிருந்து கிடைத்தது. மூலிகை தேடிப் போன இருவர் தியான்தாய் மலையில் தேவமகளிரைச் சந்திக்கும் கதை அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. இப்போது ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து வந்ததால் பின்னாளில் யாரும் கைவைத்திருக்க முடியாது. அதனால்தான் ஜு குடும்பத்து வேலைகளுக்கு அது உரைகல். அதன் படங்களைத் தேடி, பெரிதாக்கி, நேரம் எடுத்துப் பாருங்கள். விரல் நகங்கள், தாடி மயிர், பைன் ஊசிகள், எல்லாமே கத்தி நுனியால் வந்தவை.

நான்ஜிங்கின் பூ ஜோங்சியான் இதற்கு நேரெதிர். 1582இல் பிறந்தவர். மூங்கிலின் இயற்கையான முறுக்கு, முடிச்சு இவற்றைத் தேடி எடுத்து, நாலு வெட்டு வெட்டி நிறுத்திவிடுவார். ஒரு அங்குலத் துண்டில் அவர் சில கோடுகள் கீறினாலே அதை வெள்ளிக் கணக்கில் வாங்கினார்கள் என்று அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். குறைந்த வேலையில் மூங்கிலே பேச வேண்டும் என்பது அவர் வழி. இதைப் போலி செய்வது மிகச் சுலபம் என்பதையும் இங்கேயே நினைவில் வையுங்கள்.

அப்புறம் வந்தவர்களில் மூன்று பேரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்து காங்ஷி பேரரசர் (1661–1722) காலத்தில் வாழ்ந்த வூ ஜிஃபான், ஜியாடிங்காரர். ஆழமாகத் தோண்டும் வேலையிலும் தேர்ந்தவர்தான். ஆனால் அவர் பெயர் நிலைத்தது மெல்லிய புடைப்பு வேலையில். குவளையின் பெரும் பகுதியை வெறுமையாக வழித்து விட்டுவிட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் உருவங்களை மெலிதாக எழுப்புவார். உருவம் ஒரு பக்கம், வெட்டவெளி ஒரு பக்கம். அந்த வெட்டவெளியில் மூங்கிலின் நார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கும், இரு சகோதரிகள் சேர்ந்து புத்தகம் படிக்கும் குவளையைப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாங் ஷிஹுவாங், தோலில் வேலை செய்தவர். லியூசிங் என்று இதற்குப் பெயர். உருவம் இருக்க வேண்டிய இடத்தில் தோலை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் சீவி எடுத்துவிட்டால் கீழே நாரோடிய சதை தெரியும். அதோடு நிற்காமல், தோலை ஒரு இடத்தில் முழுதாக, இன்னொரு இடத்தில் பாதியாக, வேறு இடத்தில் மூடுபனி அளவு மட்டும் விட்டு, மை ஓவியம் போலவே அடர்த்தியும் வெளிறலும் வர வைத்தார். காகிதக் கனமுள்ள ஒரு அடுக்கில் இவ்வளவையும் செய்திருக்கிறார்! காலம் போகப் போகத் தோல் மஞ்சளாகவே நிற்க, சதை சிவந்து கருக்கும். அதனால் பழைய லியூசிங்கில் படம் எடுப்பாகத் தெரியும். புதிதாகச் செதுக்கியதில் இரண்டுக்கும் நிற வேறுபாடு குறைவு.

ஜோ ஹாவ், 1685 முதல் 1773 வரை வாழ்ந்தவர், ஓவியர். கத்தியைத் தூரிகையாகப் பிடித்து மலைக்காட்சிகளைக் கீறினார். அவருடைய பாறைகளில் ஒவ்வொரு வெட்டும் ஒரே இழுப்பு, தயக்கம் இல்லை.

உள் அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உள்பக்கத்து மஞ்சள் அடுக்கைச் சீவி எடுத்து, வேகவைத்து, அழுத்தித் தட்டையாக்கி, மரப்பெட்டிகளின் மேல் ஒட்டிச் செதுக்கும் வேலை 18ஆம் நூற்றாண்டில் சியென்லோங் பேரரசர் காலத்தில் அரண்மனையில் விரும்பப்பட்டது. தந்தம் போல வழவழப்பாக இருக்கும். ஒட்டிய விளிம்புகள் நம் ஊர் ஈரப்பதத்தில் எழும்பி வரும் என்பதால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கையில் எடுத்தபின்

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளிலோ கடையிலோ பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுங்கள். கை உலர்ந்திருக்கட்டும். மேசைக்கு மேல் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள்.

1. செதுக்கிய பக்கத்தை விட்டுவிட்டு, விளிம்பையும் அடியையும் பாருங்கள். குறுக்கு வெட்டு தெரியும் இடம் அங்கேதான். புள்ளிகள் வெளியே நெருக்கமாக, உள்ளே தளர்ந்து இருக்கின்றனவா? விளிம்பை மரப்பூண் மறைத்திருந்தால், ஊடுருவிச் செதுக்கிய இடங்களில் சாய்ந்த முகங்களைத் தேடுங்கள். அங்கே நார்கள் நீண்ட புள்ளிகளாக முடியும். எங்குமே புள்ளியோ கோடோ இல்லை என்றால் அது மூங்கில் அல்ல, வேறு ஏதோ மரம் அல்லது வார்ப்பு.

2. விட்டத்தைக் கவனியுங்கள். மாவ் மூங்கில் 20 செ.மீ. விட்டத்தை எட்டுவதே அரிது. அதைவிடப் பெரிய குவளை என்றால், எந்த மூங்கில், எந்தப் பகுதி என்று கேட்டுத் தெளிவாகப் பதில் வாங்குங்கள். முழுக் கச்சிதமான வட்டமாக இருந்தாலும் யோசியுங்கள். மூங்கில் தண்டு இலேசாக நீள்வட்டமாகத்தான் இருக்கும்.

3. நிறத்தை ஒரே இடத்தில் பார்க்காதீர்கள், பல இடங்களில் ஒப்பிடுங்கள். பழைய மூங்கில் தேன் நிறத்திலிருந்து செம்பழுப்புக்கும், கருஞ்சிவப்புக்கும் போகும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போகாது. கை பட்டுக்கொண்டே இருந்த புடைப்புகளும் வாய் விளிம்பும் மெருகேறி மின்னும். கை போகாத குழிகள் மங்கலாக இருக்கும். அடிப்பக்கம் மேசையில் உரசி உரசி வழவழப்பாகியிருக்கும், ஆனால் கீழே தொடாத நடுப்பகுதி உலர்ந்திருக்கும். சாயம் போட்ட பொருளில் இது தலைகீழ்: சாயம் குழிகளில் தேங்கி அங்கே அதிகக் கறுப்பாகவும், புடைப்புகளில் துடைபட்டு வெளிறியும் இருக்கும். தேயிலைச் சாறு, பெர்மாங்கனேட், ஷூ பாலிஷ் எல்லாவற்றாலும் செய்கிறார்கள். ஷூ பாலிஷை மூக்கே சொல்லிவிடும்.

4. உள்ளே டார்ச் அடியுங்கள். வெளியே முந்நூறு வருடப் பழுப்பு, உள்ளே நேற்று வெட்டிய வெளிர் மஞ்சள் என்றால் சரியில்லை. சில குவளைகளின் உட்புறம் அரக்குப் பூசியிருக்கும். அந்தப் பூச்சிலும் தூரிகைக் காம்புகள் இடித்த தடம், தூசி, மைக்கறை ஏதாவது இருக்க வேண்டும்.

5. வெடிப்புகள். நேராக, நார் போகும் திசையில் மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பு மூங்கிலில் இயல்பு. அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பழைய வெடிப்பின் உள்முகமும் கருத்து, ஓரங்கள் மழுங்கியிருக்கும். உள்ளே பளிச்சென்று மஞ்சள் தெரிந்தால் அது அண்மையில் வெடித்தது. வெடிப்பு இருப்பதாலேயே பொருள் பழையது ஆகிவிடாது. அடுப்புச் சூட்டில் காட்டினால் எந்தப் புது மூங்கிலும் வெடிக்கும்.

6. இப்போதுதான் செதுக்கலுக்கு வருகிறோம். லென்ஸை எடுத்து, முகங்களையும் கைகளையும் முதலில் பாருங்கள். திறமையில்லாத கை அங்கே மாட்டிக்கொள்ளும். நல்ல வேலையில் கண்ணிமை ஒரே வெட்டு, ஆடை மடிப்பு உடம்பின் வளைவோடு போகும். அப்புறம் உருவங்களுக்குப் பின்னால் இருக்கும் தரை. கண்ணுக்கு எளிதில் படாத அந்த இடத்தைக் கலைஞர் எவ்வளவு பொறுமையாக வழித்திருக்கிறார்? அவசர வேலையில் அங்கே உளி முனைகள் கொத்தியபடியே கிடக்கும். இயந்திரத்தால் செதுக்கியதில் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில், படிப்படியாக மெல்லிய வரிகள் தெரியும். ஓரங்கள் உருண்டிருக்கும், கத்தியின் கூர்மை இருக்காது.

7. கடைசியாகக் கையெழுத்து. எழுத்தின் பள்ளத்துக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள பரப்பின் மெருகு எழுத்தின் ஓரத்தில் சட்டென்று அறுபட்டு, உள்ளே வெளிர் நிறம் தெரிந்தால், பழைய பொருளில் புதிதாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். பெயரில்லாத நல்ல சிங் காலக் குவளைகளைப் பிடித்து இப்படிக் கெடுத்தது ஏராளம். படம் செதுக்கிய கையும் எழுத்து வெட்டிய கையும் ஒரே தரமா என்றும் பாருங்கள். பெரிய கலைஞர்கள் நன்றாக எழுதவும் தெரிந்தவர்கள், தட்டுத்தடுமாறிய எழுத்து அவர்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை.

பெயர்களுக்கு மயங்காமல் இருக்க

ஜு ஸான்சோங், பூ ஜோங்சியான் பெயர்கள் இருக்கும் பொருட்களில் பெரும்பாலானவை அவர்கள் செய்தவை அல்ல. அவர்கள் புகழ் பெற்ற காலத்திலேயே பெயரைப் போட்டு விற்கும் வழக்கம் தொடங்கிவிட்டது. தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஜு ஸான்சோங்கின் பெண் உருவக் குவளை ஒன்று இருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எட்டிப்பார்க்க, இன்னொருத்தி கடிதம் படித்துக்கொண்டிருப்பாள். அந்தத் திரையில் செதுக்கிய பறவையையும் கிளையையும் பார்த்துவிட்டு, ஏலத்துக்கு வரும் 'ஸான்சோங்' ஒன்றைப் பாருங்கள். தூரம் உடனே தெரியும்.

அரண்மனைக்கும் இந்தக் கலைக்கும் தொடர்பு இருந்தது உண்மை. 1703இல் ஜியாடிங்கின் ஃபெங் சகோதரர்கள் இருவர் பெய்ஜிங் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார்கள். அதற்காக, 'அரண்மனையிலிருந்து வந்தது' என்று சொல்லப்படுகிற ஒவ்வொன்றையும் நம்ப வேண்டியதில்லை. எங்கே எப்போது வாங்கியது, பழைய ரசீது, பழைய ஏலப் பட்டியல், பழைய புகைப்படம் எதுவும் இல்லாத கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வார்ப்புப் போலிகள் தனி ரகம். மூங்கில் தூளைப் பிசினில் குழைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். எடை மாறியிருக்கும், தொட்டால் குளிர்ச்சி, குழிகளில் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ்கள், எங்காவது அச்சு சேர்ந்த கோடு. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல நவீனப் பிசின்களும் பசைகளும் அந்த ஒளியில் நீலவெண்மையாக மின்னும். பழுது பார்த்த இடங்களும் இதில் பிடிபடும். சூட்டு ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். பொருள் நிஜமாக இருந்தால் அந்தத் துளை என்றைக்கும் போகாது.

எதை முதலில் வாங்குவது

என் பரிந்துரை: பெயரில்லாத, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு மணிக்கட்டுத் தாங்கி. பட்டையாக இருப்பதால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் ஒளிவு மறைவின்றிப் பார்க்கலாம். பூண் இல்லை, ஒட்டிய அடி இல்லை, மறைக்க இடமில்லை. தோல், சதை, உள்பக்கம் மூன்றும் ஒரே பொருளில் கண்முன் இருக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. விலையும் குவளைகளைவிடப் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

பழமைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், 20ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களையும் பாருங்கள். ஜின் ஷியா (1890–1979) விசிறிக் காம்புகளிலும் தாங்கிகளிலும் செய்த வேலை எந்தப் பழையவருக்கும் குறைந்ததல்ல. சாங்ஜோவ் நகரில் லியூசிங் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜியாடிங் மூங்கில் செதுக்கல் 2006இல் சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, அங்கே இதற்கென்றே தனி அருங்காட்சியகமும் உண்டு. உயிரோடிருக்கும் கலைஞரிடம் வாங்கும் பொருளில் போலி என்ற பேச்சே எழாது, காசும் வேலை செய்தவருக்குப் போய்ச் சேரும்.

வாங்குவதற்கு முன் பார்க்கும் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். தைபே அரண்மனை அருங்காட்சியகம் தன் பொருட்களின் படங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, சீனக் கற்றோர் வாழ்க்கை குறித்த காட்சிகள் அங்கே உண்டு.

சட்டம்

1911க்கு முற்பட்ட கலைப்பொருட்களைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுவர அனுமதி கிடையாது. ஆகவே அங்கே சுற்றுலா போன இடத்தில் 'மிங் காலப் பொருள், பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள்' என்று யாராவது சொன்னால், ஒன்று பொருள் பொய், இல்லாவிட்டால் நீங்கள் கடத்துகிறீர்கள். ஏற்கெனவே வெளிநாட்டில் பல காலமாக இருக்கும் பொருட்களை, ஆவணத்தோடு வாங்குவதே வழி. இந்தியாவுக்குள் வந்துவிட்டால், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். திரும்பவும் வெளியே அனுப்புவது தனிநபரால் முடியாத காரியம். இறக்குமதிக்கு முன் சுங்க விதிகள் தெரிந்த ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

மூங்கிலுக்கு வனவிலங்குச் சட்டத்தில் தடையில்லை. சிக்கல் அதன் துணைப்பொருட்களில். நறுமணக் குழலின் மூடி தந்தமாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். குவளைகளின் வாய்ப்பூணும் பீடமும் பல சமயம் ஜிதான் மரம். அது வேறெதுவும் இல்லை, நம் செம்மரம். ஆந்திரத்து மலைகளிலும் அதையொட்டிய தமிழகப் பகுதிகளிலும் வளர்ந்து கடல் தாண்டிப் போன மரத்தைத்தான் சீன அரண்மனையும் அறிஞர்களும் எல்லாவற்றுக்கும் மேலாக மதித்தார்கள். இன்று பன்னாட்டு வணிகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மரம். விலைப்பட்டியலில் பூண் என்ன மரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைத்துக் காப்பது

மூங்கிலுக்கு எதிரி ஈரமோ வறட்சியோ தனியாக அல்ல, இரண்டுக்கும் இடையில் மாறி மாறி அலைவதுதான். பகலில் சென்னைப் புழுக்கம், இரவில் ஏ.சி. என்றால் வெடிப்பு விழும். ஏ.சி. காற்று நேராகப் படாத, வெயில் விழாத இடத்தில், மூடிய கண்ணாடி அலமாரியில் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை உள்ளே போட்டு, 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய் பூசாதீர்கள். தேங்காய் எண்ணெய், வாதுமை எண்ணெய், மெழுகு எதுவும் வேண்டாம். பளபளப்பு ஒரு வாரம் நிற்கும், பிறகு தூசியைப் பிடித்துக் குழிகளை அடைத்துவிடும். தண்ணீரில் கழுவவும் கூடாது. மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டுங்கள், அது போதும். அவ்வப்போது சுத்தமான, உலர்ந்த கையால் எடுத்துப் புரட்டுங்கள். சீனச் சேகரிப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது அதைத்தான், பழைய மெருகு வந்ததும் அப்படித்தான். லியூசிங் தோலில் மட்டும் நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உளு. அலமாரித் தட்டில், பொருளுக்கு அடியில் மாவு போல வெளிர்நிறப் பொடி விழுந்திருந்தால், உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பழைய துளை மட்டும் இருந்து பொடி விழவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பொடியைப் பார்த்தவுடன் அந்தப் பொருளைத் தனியே பிரித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் மர, மூங்கில் சாமான்களையும் சோதியுங்கள். மருந்து தெளிக்காதீர்கள், நிறம் மாறிவிடும். அருங்காட்சியகங்களில் இப்படிப் பையில் கட்டி மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே உறையவைத்துப் பூச்சியைக் கொல்கிறார்கள். மரப்பூண், ஒட்டிய அடி, பசை வைத்த பழுது இருக்கும் பொருட்களில் அதை வீட்டு ஃப்ரீசரில் முயன்று பார்க்க வேண்டாம். பழம்பொருட்களைப் பழுது பார்த்துப் பேணும் பிரிவு வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடர்புகொண்டு, பையைத் திறக்காமல் அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.